அப்பாவின் ஃபியட்டுக்கு ஏ.சி. போடலாமா?

திருச்சியிலிருந்து ஒரு சகோதரி எழுதிய நீண்ட கடிதத்தின் சுருக்கம்:

“அப்பா 1974-இல் வாங்கிய பிரீமியர் பத்மினி இன்னும் எங்களிடம் இருக்கிறது. வீட்டில் யாரும் அதைப் பத்மினி என்று சொன்னதில்லை, ஃபியட்தான். நான் கார் ஓட்டப் பழகியதும் அதில்தான். அப்பா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. 73 வயது அம்மாவை வாராவாரம் ஸ்ரீரங்கத்துக்கும், மாதம் ஒருமுறை புதுக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊருக்கும் அதில் அழைத்துப் போகிறேன். அம்மாவுக்கு வேறு வண்டியில் ஏறப் பிடிப்பதில்லை. ஆனால் பங்குனி பிறந்துவிட்டால் உள்ளே உட்கார முடியவில்லை. போன சித்திரையில் கீரனூர் தாண்டியதும் அம்மாவுக்கு மயக்கம் வந்து, ஒரு புளியமரத்தடியில் அரை மணி நேரம் நிறுத்தும்படி ஆகிவிட்டது.

ஏ.சி. போட நினைக்கிறேன். பழைய மாருதி 800 செட் ஒன்றை 25,000 ரூபாய்க்கு, இரண்டே நாளில் மாட்டித் தருகிறேன் என்கிறார் எங்கள் மெக்கானிக். டேஷ்போர்டுக்குப் பின்னால் தகட்டைக் கொஞ்சம் வெட்ட வேண்டுமாம். அண்ணனோ எஞ்சின் தாங்காது, பழைய வண்டிக்கான கேஸ் இப்போது கிடைக்காது, ஆர்.டி.ஓ.வில் பிடிப்பார்கள் என்கிறார். பேட்டரியில் ஓடும் ஏ.சி. ஆன்லைனில் விற்கிறார்களே, அது சரிப்படுமா? 50 வருடம் ஆகிவிட்டதால் வின்டேஜ் நம்பர் வாங்கும் ஆசையும் இருக்கிறது. வண்டி நன்றாகவே ஓடுகிறது, டெம்பரேச்சர் முள் ஏறுவதில்லை. டைனமோ ஒரிஜினல். ஆர்.சி. இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கிறது. கடைசியாக ஒன்று: டேஷ்போர்டின் மேல் அப்பா மாட்டிய சின்ன ஃபேனைக் கழற்றத்தான் வேண்டுமா?”

சகோதரி, போடலாம். உங்கள் வண்டிக்கு ஏ.சி. போட முடியும், அம்மா குளுகுளுவென்று ஊருக்குப் போய் வரவும் முடியும். ஆனால் மெக்கானிக் சொன்ன முறையில் வேண்டாம். இரண்டு நாளில் முடிகிற வேலையும் இல்லை இது. பழைய வண்டிகளுக்கு ஏ.சி. மாட்டுவதும், வேறிடத்தில் மாட்டியதைச் சரிசெய்வதும்தான் கோவையில் பல வருடங்களாக என் வேலை. ஏ.சி. கெட்டுப்போனதால் வந்த வண்டிகளைவிட, ஏ.சி. போட்டதால் மற்றதெல்லாம் கெட்டுப்போய் வந்த வண்டிகளைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். அதனால் நீங்கள் கேட்ட வரிசையில் இல்லாமல், வேலை நடக்க வேண்டிய வரிசையில் பதில் சொல்கிறேன்.

முதலில் ஆர்.சி.

ஏ.சி.யைப் பற்றிக் கேட்டால் ஆர்.சி.யைப் பற்றிப் பேசுகிறாரே என்று நினைக்காதீர்கள். பதிவு உரிமையாளர் இறந்துவிட்டால், வண்டியை வைத்திருக்கும் வாரிசு 30 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அப்படித் தெரிவித்தால் மூன்று மாதம் வரை ஓட்டலாம். அந்த மூன்று மாதத்துக்குள் படிவம் 31-இல் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். இன்ஷூரன்ஸ் பாலிசியும் அப்பா இறந்த நாளிலிருந்து மூன்று மாதம் அல்லது பாலிசி முடியும் நாள், எது முந்தியதோ அதுவரைதான் செல்லும். நீங்கள் இரண்டு வருடமாக ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள். பிரீமியம் கட்டினால் போதும் என்று நினைத்திருப்பீர்கள், பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். நாளைக்கு ஒரு விபத்து என்றால், யாருடைய பெயரில் பாலிசி என்ற கேள்வியிலேயே எல்லாம் நின்றுவிடும்.

வாரிசுச் சான்றிதழ், அம்மாவும் அண்ணனும் தரும் சம்மதக் கடிதம், இறப்புச் சான்றிதழ் இவற்றோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போங்கள். தாமதத்துக்கு அபராதம் கேட்டால் கட்டிவிடுங்கள். அண்ணனுக்கும் இந்த வண்டியில் உரிமை இருக்கிறது என்பதால், அவருடைய சம்மதத்தை இப்போதே எழுத்தில் வாங்குவது உங்கள் இருவருக்குமே நல்லது. பெயர் மாறிய பிறகு, புதிதாக மாட்டிய ஏ.சி.யின் மதிப்பைச் சொல்லி இன்ஷூரன்ஸில் சேர்க்கச் சொல்லுங்கள். சொல்லாமல் விட்டால் வண்டி எரிந்தாலும் மோதினாலும் ஏ.சி.க்குப் பணம் வராது.

அண்ணனின் மூன்று பயங்கள்

எஞ்சின் தாங்காது என்கிறார். உங்களுடையது 1089 சி.சி., சுமார் 40 குதிரைத்திறன். சின்ன கம்ப்ரஸர் ஒன்று அதில் மூன்று நான்கு குதிரைத்திறனை எடுத்துக்கொள்ளும். பத்தில் ஒரு பங்கு போகிறது என்று வையுங்கள். அதனால் எஞ்சின் உட்கார்ந்துவிடாது. மேடு ஏறும்போதும் லாரியை முந்தும்போதும் இழுவை குறைந்தது தெரியும், அந்த நேரத்தில் ஏ.சி. சுவிட்சை அணைத்துவிட்டால் போதும். கேரளத்துக்கோ ஊட்டிக்கோ மலை ஏறுவதாக இருந்தால் வேறு மாதிரிச் சொல்வேன். திருச்சி-புதுக்கோட்டை சாலைக்கு இது தாராளம். சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் உதறாமல் இருக்க, ஏ.சி. போட்டதும் கார்புரேட்டரின் ஐடிலிங்கைத் தானாகக் கொஞ்சம் தூக்கிவிடும் வேக்குவம் ஆக்சுவேட்டர் ஒன்றைச் சேர்த்துப் பொருத்தச் சொல்லுங்கள். அதை விட்டுவிட்டு, ஐடிலிங் ஸ்க்ரூவை நிரந்தரமாக முறுக்கி வைப்பவர்கள் உண்டு. பெட்ரோல்தான் வீணாகும்.

எஞ்சினைப் பற்றிப் பயப்பட வேண்டிய இடம் சூடு. முள் ஏறுவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், அது இன்றைய நிலை. ஏ.சி. வந்தால் ரேடியேட்டருக்கு முன்னால் கண்டென்சர் உட்காரும். காருக்குள்ளிருந்து எடுத்த சூட்டையெல்லாம் அது அங்கேதான் கொட்டும். ரேடியேட்டருக்குப் போய்ச் சேருவது அந்தச் சூடான காற்றுதான். ஐம்பது வருடம் போர்வெல் தண்ணீர் ஊற்றிய ரேடியேட்டருக்குள் உப்புப் படிந்திருக்கும். அதைக் கழற்றி, மேல் கீழ் தொட்டிகளைப் பிரித்து, குழாய்களுக்குள் கம்பி விட்டுச் சுத்தம் செய்ய வேண்டும், முடியாவிட்டால் கோர் மாற்ற வேண்டும். வாட்டர் பம்ப், ஹோஸ்கள் புதிது. எஞ்சின் சூட்டுக்கு ஏற்பத் தண்ணீரைத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட் வால்வ் இருக்கிறதா என்று பாருங்கள். ‘நம்ம ஊர் வெயிலுக்கு அது எதுக்கு’ என்று எப்போதோ ஒருவர் எடுத்துப் போட்டிருக்கலாம். திரும்ப மாட்டி, தண்ணீருக்குப் பதில் கூலன்ட் ஊற்றுங்கள். கண்டென்சருக்குத் தனியாக எலக்ட்ரிக் ஃபேன் அவசியம். எஞ்சின் ஃபேனை மட்டும் நம்பினால், கோயில் வாசல் நெரிசலில் நிற்கும்போது காற்று போதாது.

கேஸ் கிடைக்காது என்பது இந்த வண்டிக்குப் பொருந்தாது. பழைய கார் ஏ.சி.களில் இருந்தது ஆர்-12. ஓசோன் படலத்தைக் கெடுத்ததால் மான்ட்ரியல் ஒப்பந்தப்படி 2010-லிருந்து இந்தியாவிலும் நின்றுவிட்டது. உங்கள் வண்டியில் ஏ.சி.யே இருந்ததில்லை, புதிதாகப் போடுவது ஆர்-134ஏ. அது எல்லா ஊரிலும் கிடைக்கிறது. இந்த அளவு செட்டுக்கு ஏறத்தாழ அரை கிலோ பிடிக்கும். ஒரு எச்சரிக்கை: விலை குறைவு என்று சமையல் கேஸ் வகையைக் கலந்து நிரப்பும் இடங்கள் இருக்கின்றன. குளிரும், ஆனால் அது தீப்பிடிக்கிற கேஸ். சிலிண்டரின் பெயரைக் கண்ணால் பார்த்து, எடை போட்டு நிரப்பச் சொல்லி, அதை பில்லிலும் எழுதி வாங்குங்கள்.

ஆர்.டி.ஓ. பயத்தில் பாதி நியாயம் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, வண்டியின் அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதைக் கறாராகச் சொல்லிவிட்டது. ஆனால் எஞ்சின், சேசிஸ், பாடி வகை, எரிபொருள், இருக்கைகளின் எண்ணிக்கை எதிலும் ஏ.சி. கை வைப்பதில்லை. போல்ட்டில் மாட்டிய ஏ.சி.க்காக வண்டியை மறித்ததை நான் பார்த்ததில்லை. தகட்டை வெட்டினால் அந்தப் பேச்சு வேறு. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்கப் போகும்போது பில்லைக் கையில் வைத்துக்கொண்டு, ஆய்வாளரிடம் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.

டைனமோவோடு ஏ.சி. கிடையாது

உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகம் கவலை தந்த வார்த்தை ‘டைனமோ ஒரிஜினல்’. எஞ்சின் ஓடும்போது வண்டிக்குக் கரண்ட் தருவது அதுதான். மெக்கானிக் இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்பது இன்னும் கவலை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏ.சி. புளோயர் முழு வேகத்தில் 10 முதல் 12 ஆம்பியர், கண்டென்சர் ஃபேன் 8 முதல் 10, கம்ப்ரஸர் கிளட்ச் 4. இரவென்றால் ஹெட்லைட் 8 முதல் 10, இக்னிஷன் 3 அல்லது 4. மழை வந்தால் வைப்பரும் சேரும். 40 ஆம்பியரைத் தொடுகிறது. அந்தக் காலத்து டைனமோ நல்ல வேகத்தில் போனால்தான் 20 ஆம்பியரை ஒட்டித் தரும். ஐடிலிங்கில் கிட்டத்தட்ட ஒன்றுமே தராது.

சில வருடங்களுக்கு முன் ஒரு அம்பாசடரை இன்னொரு வண்டியில் கட்டி இழுத்து எங்கள் பட்டறைக்குக் கொண்டு வந்தார்கள். வேறு ஊரில் ஏ.சி. மாட்டியிருந்தார்கள், டைனமோவைத் தொடவில்லை. இரவு மழையில் அவிநாசி ரோடு சிக்னலில் நிற்கும்போது சார்ஜிங் சிவப்பு விளக்கு எரிந்திருக்கிறது, ஹெட்லைட் அகல் விளக்கு மாதிரி மஞ்சளாகியிருக்கிறது. ஓட்டியவர் பேட்டரி பழசு என்று நினைத்துக்கொண்டார். ஃபியூஸ் பெட்டியைத் திறந்தேன். மூன்றாவது ஃபியூஸ் இருந்த இடத்தில் பேக்லைட் கருகிக் குழி விழுந்திருந்தது. கண்டென்சர் ஃபேனின் வயரை ஹெட்லைட் வயரோடு முறுக்கி, இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தார்கள். டேப்பைப் பிரித்ததும் செம்புக் கம்பி பச்சை பூத்துத் தூளாகக் கொட்டியது. இன்னும் ஒரு மழைக்கு அந்த வண்டி எரிந்திருக்கும். உள்ளே பின்சீட்டில் இரண்டு குழந்தைகள் வந்திருக்கிறார்கள்.

அதனால் டைனமோ இருக்கும் இடத்தில், அதே வேலையை இன்றைய வண்டிகளில் செய்யும் ஆல்டர்னேட்டர் ஒன்று, 55 முதல் 65 ஆம்பியரில், முதலில் வர வேண்டும். டைனமோவையும், அதன் சார்ஜிங்கைக் கட்டுப்படுத்தும் கட்-அவுட் பெட்டியையும் துடைத்து, கிரீஸ் தடவி, துணியில் சுற்றி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். ஏ.சி.க்கு எல்லா வயரும் புதிது, பேட்டரியிலிருந்து தனி லைன், ஒவ்வொன்றுக்கும் தனி ரிலே, தனி ஃபியூஸ். பழைய வயரிங்கில் ஒரு இடத்திலும் சேர்க்கக் கூடாது.

ஆன்லைன் பேட்டரி ஏ.சி.யைக் கேட்டிருந்தீர்கள். 12 வோல்ட்டில் 60 ஆம்பியர் இழுத்தாலும் 720 வாட்தான். வெயிலில் நின்ற காரைக் குளிர்விக்க இதைப்போல் பல மடங்கு குளிரூட்டும் திறன் வேண்டும். அந்த 60 ஆம்பியருக்கே நான் மேலே சொன்ன ஆல்டர்னேட்டர் முழுவதும் போய்விடும். அந்தப் பணத்தை ரேடியேட்டருக்குப் போடுங்கள்.

25,000 ரூபாய் செட்டில் எதை எடுக்கலாம்

மாருதி 800 அளவுக் கம்ப்ரஸர் உங்கள் எஞ்சினுக்குப் பொருத்தமானதுதான், மெக்கானிக் அதில் தவறு சொல்லவில்லை. பழைய கம்ப்ரஸரைக்கூடச் சோதித்துப் பார்த்து எடுக்கலாம். ஷாஃப்ட்டைக் கையால் சுற்றினால் ஒரே சீராகச் சுற்ற வேண்டும், ஆயிலை வடித்தால் கறுப்பாகவோ உலோகத் துகள் மினுங்கியோ வரக் கூடாது. ஆனால் டிரையர், ஹோஸ், ஓ-ரிங், எக்ஸ்பேன்ஷன் வால்வ் நான்கும் கட்டாயம் புதிது. டிரையருக்குள் ஈரத்தை உறிஞ்சும் மணிகள் இருக்கின்றன. கழற்றிப் போட்டு ஒரு வாரம் திறந்து கிடந்தால் அது முடிந்தது. கண்டென்சரும் புதிதாக, பேரலல் ஃப்ளோ வகையில், கிரில்லுக்குப் பின்னால் கொள்ளும் பெரிய அளவில் வாங்குங்கள். உங்கள் ஊர் வெயிலில் குளிர்ச்சியைத் தீர்மானிப்பது கண்டென்சர்தான். இப்படிச் செய்தால் ஆல்டர்னேட்டர், ரேடியேட்டரோடு சேர்த்து மெக்கானிக் சொன்னதைப் போல் இரண்டு மடங்குக்கு மேலேயே ஆகும், அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெட்டுகிற விஷயத்துக்கு வருகிறேன். டேஷ்போர்டுக்குக் கீழே தொங்கவிடும் கூலிங் காயில் பெட்டி கிடைக்கிறது. எஞ்சின் பக்கத்துத் தகட்டில் ஏற்கெனவே வயரும் கேபிளும் போகும் துளைகள் இருக்கின்றன. இரண்டு ஹோஸுக்கும் ஒரு தண்ணீர்க் குழாய்க்கும் அதிகபட்சம் ஒன்றிரண்டு வட்டத் துளைகள் போதும், அவற்றையும் பின்னால் ரப்பர் மூடியால் அடைத்துவிடலாம். மாருதியின் பெட்டியை டேஷ்போர்டுக்குள் திணிக்க நினைப்பதால்தான் தகட்டை வெட்டும் பேச்சே வருகிறது. அப்பா ஐம்பது வருடம் கீறல் விழாமல் வைத்திருந்த தகடு அது, சகோதரி. நாளைக்கு ஏ.சி.யைக் கழற்றினால் வண்டி 1974-இல் இருந்த மாதிரியே நிற்க வேண்டும். இந்த ஒரு நிபந்தனையை வேலை தொடங்கும் முன்பே மெக்கானிக்கிடம் சொல்லிவிடுங்கள், ஒத்துக்கொள்ளாவிட்டால் வேறு ஆளைப் பாருங்கள். கம்ப்ரஸர் பிராக்கெட்டும் எஞ்சினில் இருக்கும் போல்ட் துளைகளையே பிடிக்க வேண்டும். பாடியில் வெல்டிங் வைத்து நிறுத்தினால் எஞ்சின் ஆடும்போது பெல்ட் ஒரு மாதம்கூடத் தாங்காது.

கேஸ் நிரப்பும் நாளில் நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். முதலில் நைட்ரஜன் ஏற்றி ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரை வைத்துப் பார்ப்பார்கள். அப்புறம் வேக்குவம் பம்ப் அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம் ஓட வேண்டும். பம்ப்பை நிறுத்திய பிறகு அழுத்தம் காட்டும் நீல நிற கேஜின் முள்ளைப் பாருங்கள். இருபது நிமிடம் அது அசையாமல் நின்றால்தான் கேஸ். ‘அதெல்லாம் வேண்டாம்மா, நேரா ஏத்திடலாம்’ என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கண்ணாடியை ஏற்றுவதற்கு முன்

இதை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். இத்தனை வருடம் கண்ணாடியை இறக்கி ஓட்டிய வண்டி இது. சைலன்சரில் ஒரு ஓட்டை, ஃப்ளோரில் துரு, தகட்டுத் துளைகளில் காய்ந்து உதிர்ந்த ரப்பர், எல்லாம் இருந்தும் காற்று அடித்துக்கொண்டு போய்விடும். ஏ.சி. போட்டால் கண்ணாடி மூடியிருக்கும். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு உள்ளே தங்கும். அதற்கு வாசனை கிடையாது. தலைவலி, தூக்கக் கலக்கம், மயக்கம் என்று வரும்போது பயணக் களைப்பு என்று நினைத்துக்கொள்வோம். வயதானவர்களுக்கு இன்னும் ஆபத்து. மானிஃபோல்டு கேஸ்கெட்டிலிருந்து சைலன்சர் முனை வரை ஒரு கசிவும் இல்லை என்று பார்த்த பிறகே, ஃப்ளோரையும் துளைகளையும் அடைத்த பிறகே கண்ணாடியை மூடுங்கள். நின்றிருக்கும் வண்டியில் எஞ்சினை ஓடவிட்டு அம்மாவை உள்ளே உட்கார வைக்காதீர்கள். போன சித்திரையில் வந்த மயக்கத்தையும் வெயிலோடு மட்டும் சேர்த்துவிடாமல், ஒரு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

இந்த அடைப்பு வேலையே குளிர்ச்சிக்குப் பாதி. ஃப்ளோரில் சூடு தடுக்கும் மேட், கூரைத் துணிக்கு மேல் ஃபோம், கதவுகளுக்கும் முன்பக்க முக்கோணக் கண்ணாடிக்கும் புது பீடிங். இவற்றை முதலில் செய்துவிட்டு ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். காலைப் பயணத்துக்கு இதுவே போதும் என்று அம்மா சொல்லவும் கூடும். கறுப்பு ஃபிலிம் மட்டும் வேண்டாம், 2012-இலேயே உச்ச நீதிமன்றம் தடுத்துவிட்டது. பக்கக் கண்ணாடிகள் குறைந்தது 50 சதவீத வெளிச்சத்தை உள்ளே விட வேண்டும் என்பது விதி. அதற்கு உட்பட்ட லேசான பச்சை நிறத்தில், காருக்கென்றே செய்த பாதுகாப்புக் கண்ணாடியை கார் கண்ணாடிக் கடையில் வாங்கலாம்.

வின்டேஜ் நம்பர்

2021-இல் வந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய, சேசிஸ், பாடி, எஞ்சின் மாறாத வண்டிக்கு வின்டேஜ் பதிவு கிடைக்கும். ‘விஏ’ வரிசை நம்பர் புதிதாகப் பதிவாகும் வண்டிக்குத்தான், ஏற்கெனவே பதிவான வண்டி பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். அந்தப் பதிவு பத்து வருடம் செல்லும். ஆனால் அந்தப் பதிவு வாங்கிய வண்டியை அன்றாடப் பயணத்துக்கு எடுக்க முடியாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, பராமரிப்புக்கு, அவ்வளவுதான். வாராவாரம் ஸ்ரீரங்கம் போகும் வண்டிக்கு இது ஒத்துவராது. அம்மா அதில் ஏறி இறங்கும் காலம் வரை சாதாரணப் பதிவே இருக்கட்டும். தகட்டை வெட்டாமல் வைத்திருந்தால் அந்தக் கதவு பின்னாலும் திறந்தே இருக்கும்.

வேலையை ஐப்பசி, கார்த்திகையில் தொடங்குங்கள். மழைக்காலத்தில் ஏ.சி. பட்டறைகளில் கூட்டம் இருக்காது, அவசரப்படாமல் செய்வார்கள்.

அப்பாவின் ஃபேன் அங்கேயே இருக்கட்டும். டேஷ்போர்டுக்குக் கீழே தொங்கும் பெட்டியின் காற்று முன்சீட்டில் இருப்பவர்களின் முழங்காலுக்கும் மார்புக்கும்தான் வரும். முன்சீட்டின் சாய்மானம் முழு அகலத்துக்கு மறைப்பதால் பின்சீட்டுக்குச் சரியாகப் போகாது. உங்கள் அம்மா பின்னால் உட்காருபவர் என்றால், அந்த ஃபேனைக் கொஞ்சம் பின்பக்கம் திருப்பி வையுங்கள். பிளேடைத் துடைத்து, மோட்டாரில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, அதற்கும் ஒரு புது வயர், ஒரு ஃபியூஸ் போட்டுவிடுங்கள். குளிர்ந்த காற்றை அம்மா பக்கம் தள்ளிவிட அது போதும்.